டைம்ஷேரில் இடமில்லை, வெள்ளிக்கிழமை கிளம்பணும்: குமரிப் பக்கம் அறை தேடுவது எப்படி?

கேள்வி இதுதான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர்: தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். டைம்ஷேர் உறுப்பினர்கள், அதாவது முன்பணம் கட்டி, வருஷத்துக்குச் சில நாள் ஒரு நிறுவனத்தின் ரிசார்ட்டுகளில் தங்கும் உரிமை வாங்கியவர்கள். டிசம்பர் கடைசி வாரம் கேரள எல்லைக்குள் இருக்கிற பூவார் பக்கம் ஒரு ரிசார்ட்டில் மூன்று இரவு தங்கி, அங்கிருந்தே கன்னியாகுமரியும் பார்த்துவிடலாம் என்று திட்டம். ஆப்பில் அறை இல்லை; காத்திருப்புப் பட்டியலில் நான்காவது இடம். லீவு போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை காலை காரில் கிளம்பணும், தாத்தாவுக்கு மூட்டுவலி. குமரி மாவட்டத்துக்குள் ரிசார்ட் மாதிரி ஓர் இடம் கடைசி நேரத்தில் கிடைக்குமா, எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். ஆனால் கொடைக்கானலுக்குத் தேடுகிற மாதிரி இங்கே தேடக் கூடாது. நான் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவன். இப்போது நாகர்கோவிலில் வண்டியும் அறையும் ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். என் பெயரிலும் ஒரு டைம்ஷேர் இருக்கிறது, தவணை முழுக்கக் கட்டி முடித்தாயிற்று. அதனால் உங்கள் எரிச்சல் எனக்குப் புரியும்.

முதலில் டைம்ஷேர் பக்கத்தையே ஒரு பத்து நிமிஷம் கிண்டிப் பாருங்கள். ஆப்பில் இடமில்லை என்று காட்டினால், உறுப்பினர்களுக்கு ஒதுக்கிய அறைகள் தீர்ந்துவிட்டன என்றுதான் பொருள். பல ரிசார்ட்டுகள் ஒரு பங்கு அறைகளை வெளியாட்களுக்கும் விற்கின்றன. அதே தேதியை ஒரு சாதாரண புக்கிங் தளத்தில் போட்டுப் பாருங்கள், அதே கட்டடத்தில் அறை காசுக்குக் கிடைத்தாலும் கிடைக்கும். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவனுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்தான். எரியட்டும், விலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரிசார்ட்டுக்கே நேரடியாகப் போன் செய்து உறுப்பினருக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்க அந்த விலை உதவும்.

அடுத்து, மூன்று இரவையும் ஒரே மூச்சில் தேடாதீர்கள். வெள்ளி தனி, சனி தனி, ஞாயிறு தனி என்று போட்டுப் பாருங்கள். இரண்டு படுக்கையறை வீடு இல்லை என்றால் சின்ன ஸ்டூடியோ அறைகள் இரண்டு இருக்கலாம். சீசனை வண்ணம் வண்ணமாகப் பிரித்து விற்கிற நிறுவனமாக இருந்து, உங்கள் உறுப்பினர் அட்டை கீழ் வண்ணமாக இருந்தால், டிசம்பர் கடைசி வாரத்துக்கு ஆப்பைத் திறந்து மூடிக்கொண்டிருப்பது வெறும் வேலை. மேல் சீசன்காரர்களுக்குப் போக மிஞ்சினால்தான் உங்களுக்கு.

இன்னொன்று, ரத்துக் கெடு. உறுப்பினர் தன் நாட்களை இழக்காமல் புக்கிங்கை ரத்து செய்ய ஒரு கடைசி நாள் உண்டு. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அந்தக் கெடு முடிகிற ராத்திரியில்தான் ரத்து செய்வார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள். அந்த ராத்திரி இனிமேல்தான் வரப்போகிறது என்றால் நான்காவது இடம் மோசமில்லை. அது கடந்து போய்விட்டால் நம்பிக்கையை விட்டுவிட்டு ஊர்ப் பக்கம் திரும்புங்கள்.

இப்போது ஊர்.

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு ராத்திரிதான் தங்குவார்கள். மத்தியானம் வருவார்கள், சாயங்காலம் சூரிய அஸ்தமனம், ராத்திரி சாப்பாடு, தூக்கம், விடியலில் உதயம், எட்டு மணிக்குப் படகு, விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, கிளம்பிவிடுவார்கள். நான் இருந்த லாட்ஜில் காலை நாலரைக்கே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நிற்க இடமிருக்காது. பத்து மணிக்கு ஈரத் துண்டும் பையுமாக இறங்கி வந்து சாவியை மேஜையில் வைப்பார்கள். பதினொன்றரைக்குப் பார்த்தால் என் முதுகுக்குப் பின்னால் இருந்த சாவிப் பலகை முழுக்கச் சாவி தொங்கும். காலை ஏழு மணிக்குப் போனில் ‘ஃபுல்லு’ என்று சொன்ன அதே நான், பதினொன்றரைக்கு வாசலில் வந்து நிற்கிறவரை ‘வாங்க சார், எத்தனை பேரு’ என்பேன். இரண்டும் பொய்யில்லை.

அதனால் அறை தேட நல்ல நேரம் காலை பத்தரையிலிருந்து மத்தியானம் ஒன்றரை வரை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்து இறங்குவது இருப்பதிலேயே மோசமான நேரம். கோயம்புத்தூரிலிருந்து காலையில் கிளம்பி, மதுரையில் சாப்பிட்டு, பிள்ளைகளுக்காக அங்கங்கே நிறுத்தி வருகிறவர்கள் சரியாக அந்த நேரத்துக்குத்தான் வந்து சேருவார்கள்!

போனில் எப்படிக் கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ‘ரூம் இருக்கா?’ என்றால் ‘இல்ல’ என்பதுதான் பதில், ஏனென்றால் அந்த நிமிஷத்தில் நிஜமாகவே இருக்காது. போன வாரம் ஒருவருக்காக நானே கூப்பிட்டேன்.

“அண்ணாச்சி, நாளைக்கு எத்தன செக்-அவுட் இருக்கு?”

“ஏழெட்டு இருக்கும். ஏன், ஆளு இருக்கா?”

“ஒரு குடும்பம். வயசான ஆளு ஒருத்தரு உண்டு, லிஃப்டு பக்கத்துல வேணும்.”

“பத்தரைக்கு மேல கூப்பிடுங்க. ரெண்டாவது மாடியில ஒண்ணு காலியாவும். கடல் தெரியாது கேட்டியளா, பொறவு சண்டைக்கு வரப்பிடாது.”

நாளைக்கு யார் கிளம்புகிறார்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்தத் தகவல்தான்.

ஊர்க் காலண்டரையும் பார்க்க வேண்டும். கார்த்திகை ஒன்றாம் தேதி தொடங்கி மகரவிளக்கு வரை சபரிமலை சீசன். சாமிகள் வேன் வேனாக ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு வந்து இறங்குவார்கள். குளித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, உதயம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர்களுக்காகவே கன்னியாகுமரி லாட்ஜுகளில் நாலு கட்டில், ஆறு கட்டில் அறைகள் நிறைய உண்டு. ஆறு பேர் ஒரே அறையில் படுக்கத் தயார் என்றால் அப்படி ஓர் அறை ரிசார்ட்டை விட சீக்கிரம் அமையும். சொகுசு கேட்காதீர்கள். பூஜை விடுமுறைக்கு வடக்கேயிருந்தும் வங்காளத்திலிருந்தும் கூட்டம் வரும். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் முக்கடலில் தர்ப்பணம் கொடுக்க முந்தின ராத்திரியே ஊர் நிரம்பிவிடும். சித்ரா பௌர்ணமி அன்று சூரியன் இறங்க, சந்திரன் ஏற, இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கூட்டம். உங்கள் வாரத்தில் இருப்பது சபரிமலையும் கிறிஸ்துமஸும் புத்தாண்டும். போதாததற்கு 2024 டிசம்பர் 30-ல் பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தைத் திறந்தார்கள். படகுத் துறை வரிசையைக் கேட்கவே வேண்டாம்.

எங்கே தேடுவது? ஊருக்குள் முதலில் அழைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு. கடற்கரையை ஒட்டிய வளாகம். பளபளப்பு குறைவு, இடம் அருமை. இன்னொன்று விவேகானந்தபுரத்தில் இருக்கிற விவேகானந்த கேந்திர வளாகம். உங்களுக்கு ரிசார்ட் ஏன் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்: பிள்ளைகள் ஓட இடம், மரம், அமைதி, காரை நிறுத்தத் தொல்லையில்லாத இடம். இது எல்லாம் அங்கே உண்டு. மயில் நடமாடும், உதயம் பார்க்கச் சொந்தக் கடற்கரை உண்டு. நீச்சல் குளம் கிடையாது, அசைவம் கிடையாது, அது ஒரு ஆன்மிக நிறுவனம் என்பதை நினைவில் வைத்து நடந்துகொள்ள வேண்டும். டைம்ஷேர்க்காரர்கள் பலருக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. என் கணக்கில் தாத்தா பாட்டிக்கு இதுதான் பொருத்தம்.

கடல் தெரியும் அறை என்று கூடுதல் காசு கேட்டால், எந்தப் பக்கக் கடல் என்று கேளுங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னலில் உதயம் தெரியும், அஸ்தமனம் தெரியாது. சில இடங்களில் அறையில் இருந்து தெரியாது, வராந்தா முனையில் போய் எட்டிப் பார்த்தால் தெரியும். ஜன்னல் வழியாக வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

நாகர்கோவில் கன்னியாகுமரியிலிருந்து இருபது கிலோமீட்டர்தான், காரில் முக்கால் மணி நேரம் போதும். இங்குள்ள நல்ல ஹோட்டல்கள் வியாபார நிமித்தம் வருகிறவர்களையும் மருந்துக் கம்பெனிக்காரர்களையும் நம்பி நடப்பவை. திங்கள் முதல் வியாழன் வரை நிறைந்திருக்கும், வார இறுதியில் இளகும். ஆனால் முகூர்த்த நாள் என்றால் கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். டிசம்பர் கடைசி வாரம் முழுக்க மார்கழி என்பதால் இந்துக் கல்யாணங்கள் இருக்காது, உங்களுக்கு அது லாபம். இன்னொரு பக்கம், கிறிஸ்துமஸுக்கு வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்களின் சொந்தபந்தங்கள் கொஞ்சம் அறை பிடித்திருக்கும். கிறிஸ்துமஸ் அன்று இந்த மாவட்டத்தில், அதுவும் மேற்கே தக்கலை, மார்த்தாண்டம் பக்கம், சின்னச் சாப்பாட்டுக் கடைகள் பல அடைத்திருக்கும். தங்குமிடத்திலேயே சாப்பாடு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

ரிசார்ட் என்ற சொல்லுக்குக் கொஞ்சமாவது நியாயம் செய்கிற இடங்கள் மேற்குக் கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. கோவளம், மணக்குடி, பள்ளம், சொத்தவிளை, சங்குத்துறை, ராஜாக்கமங்கலம், கணபதிபுரம், முட்டம் என்று போகிற சாலை. தென்னந்தோப்புக்குள் நாலைந்து குடிசை மாதிரி கட்டியவை, கடலோரத் தங்கும் வீடுகள், ஒன்றிரண்டு பெரிய ரிசார்ட்டுகள். பெரும்பாலானவர்கள் ‘கன்னியாகுமரி’ என்று மட்டும் தேடுவதால் இவை அவர்கள் கண்ணில் படுவதில்லை. கூகுள் மேப்பில் முட்டம் கலங்கரை விளக்கத்தை நடுவில் வைத்து ‘ரிசார்ட்’ என்று தேடுங்கள், அப்புறம் சொத்தவிளைக்கு நகர்த்தித் தேடுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: அந்தக் கடல் பார்க்கத்தான், குளிக்க இல்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல், அதாவது கரையில் திடீரென்று பொங்கி ஏறுகிற பேரலை, வரும் என்று எச்சரிக்கை வந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

மலைப் பக்கம் குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் ஹோம்ஸ்டேக்கள் இருக்கின்றன. அருவியும் குளிர்ச்சியும் உண்டு. கடலுக்குத்தான் வந்தோம் என்றால் வேண்டாம், உதயத்துக்காக நடுராத்திரியில் கிளம்ப வேண்டியிருக்கும்.

கோவளம் என்றேன் இல்லையா, அங்கேதான் நிறையப் பேர் விழுவார்கள். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒரு கோவளம், மீனவர் கிராமம். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோவளம், ரிசார்ட்டுகளுக்குப் பேர்போனது. சென்னைக்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தம்பதி என் மேஜைக்கு வந்து, ‘கோவளத்தில் ரூம் போட்டிருக்கோம், அஞ்சு கிலோமீட்டர்தானே, ஆட்டோ பிடிச்சுக் கொடுங்க’ என்றார்கள். போனை வாங்கிப் பார்த்தால் கேரளத்துக் கோவளம், எண்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை, கணவரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நீங்கள் பணம் கட்டுவதற்கு முன் மேப்பில் முள் எங்கே குத்தியிருக்கிறது என்று பாருங்கள். பூவாரும் அப்படித்தான். அறுபது கிலோமீட்டர்தானே என்று தோன்றும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் இரண்டு மணி நேரம் சாதாரணம். அங்கே சில ரிசார்ட்டுகளுக்குப் படகில் ஏறித்தான் போக வேண்டும். மூட்டுவலிக்காரர் ஆடுகிற படகில் கால் வைத்து இறங்க வேண்டும். டைம்ஷேரில் இடம் கிடைக்காதது தாத்தாவுக்கு நல்லதாகக்கூட இருக்கலாம்.

காசு விஷயம். இந்த வாரத்தில் வாடகை இரட்டிப்பாவது சகஜம், அதைப் பேசிக் குறைக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். கணக்கு மட்டும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. அதாவது 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறை 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் பில்லில் 1,198 ஆகிவிடும். டிசம்பர் 24, 31 ராத்திரிகளில் பெரிய ரிசார்ட்டுகள் விருந்துக் கட்டணம் என்று ஆளுக்கு ஒரு தொகையைக் கட்டாயமாகச் சேர்ப்பார்கள். உங்கள் மூன்று நாளில் அந்தத் தேதி வந்தால், பிள்ளைகளுக்கும் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அட்வான்ஸ் அனுப்பும்போது கவனம். சீசனில் பிரபலமான தங்குமிடங்களின் பெயரில் போலித் தளங்கள் முளைக்கும். பாதி விலை சொல்லி, உடனே யூபிஐயில் முழுப் பணமும் கேட்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘என் டைம்ஷேர் நாட்களைத் தருகிறேன்’ என்கிற உறுப்பினர்களும் உண்டு. உண்மையானவர்களும் இருக்கிறார்கள், ஆனால் புக்கிங் உங்கள் பெயரில் விருந்தினராகப் பதிவான பிறகு, ரிசார்ட்டின் ரிசப்ஷனுக்கு நீங்களே போன் செய்து உறுதி செய்துகொண்டு, அப்புறம் பணம் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். பஸ் நிலையத்தில், ரயில் நிலையத்தில் ‘ரூம் வேணுமா’ என்று வருகிறவர்கள் மோசக்காரர்கள் இல்லை, கமிஷன்காரர்கள். அறையைப் பார்க்காமல் பையை இறக்காதீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் மூன்று ராத்திரியை நானாக இருந்தால் இப்படி அடுக்குவேன். வெள்ளி ராத்திரி நாகர்கோவில், வார இறுதி இளக்கத்தில் இரண்டு அறை கிடைக்கும், எட்டரைக்கு வந்தாலும் பரவாயில்லை. சனி, கன்னியாகுமரி பிதுங்குகிற நாள், அன்று ஊருக்குள் போகவே வேண்டாம். காலையில் பத்மநாபபுரம் அரண்மனை பார்த்துவிட்டு மேற்குக் கடற்கரையில் முட்டமோ சொத்தவிளையோ, கிடைத்த இடத்தில் ராத்திரி. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதனால் அதைக் கடைசிக்குத் தள்ள முடியாது. ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கன்னியாகுமரி. அப்போதுதான் சாவிகள் மேஜைக்கு வந்திருக்கும், திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருப்பார்கள். ஞாயிறு ராத்திரிக்குக் கிழக்கு ஜன்னல் கேட்டு வாங்குங்கள். திங்கள் காலை ஆறரை வாக்கில் உதயம், தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நீங்கள் ஏழு மணிக்குள் படகு வரிசையில் நின்றுவிடுங்கள். மார்கழித் திருவிழாத் தேரோட்டம் அந்த நாட்களில் விழுந்தால் சுசீந்திரம் வழியில் சாலை நெரியும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காரியம் பாக்கி. பல நிறுவனங்களில் காத்திருப்புப் பட்டியல் தானாகவே உறுதியாகிவிடும், உங்களைக் கேட்காது. எனக்கு நடந்தது. முட்டத்தில் அறை போட்டுவிட்டுப் பட்டியலை மறந்துவிட்டேன், முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ‘வாழ்த்துகள்’ என்று குறுஞ்செய்தி வந்தது. ரத்துக் கெடு தாண்டிவிட்டது, அந்த வருஷக் கணக்கில் மூன்று இரவு போச்சு. நாகர்கோவில் அறைக்கு அட்வான்ஸ் அனுப்பிய கையோடு ஆப்பைத் திறந்து அந்த நான்காவது இடத்தை விட்டுக் கொடுத்துவிடுங்கள். பின்னால் ஐந்தாவதாக ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.